பேய்க்கு வாய் கொடுத்தவர்கள்

லிப்டுக்குள் குடியிருக்கும் ஒரு பேய்க்குக் குரல் வேண்டும் என்றார்கள். செய்து கொடுத்தேன். கொடுத்த பிறகு எங்கள் வீட்டில் நடந்த கூத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் என் தொழில். உறவுக்காரர்கள் கேட்டால் "கம்ப்யூட்டர்ல பாட்டு வேலை" என்று அம்மா சொல்லிவைத்திருக்கிறாள். பாட்டுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. படங்களிலும் தொடர்களிலும் எலும்பு முறிவது, கதவு கிறீச்சிடுவது, இருட்டில் யாரோ மூச்சு விடுவது போன்ற நல்ல காரியங்களுக்கெல்லாம் சத்தம் செய்து தருபவள் நான். எலும்புக்குக் கேரட் உடைப்பேன். மூச்சை நானே விடுவேன். பேய் பிசாசு என்று வந்தால்தான் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் வாத்தியங்களிடம் போவேன்.

வாத்தியம் என்றதும் தந்தி, தோல் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அது வெறும் சாப்ட்வேர். சின்த் என்போம். தன் பாட்டுக்கு ஒரே சுதியில் முனகிக்கொண்டிருக்கும். சும்மா கேட்டால் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் ஓடுவது மாதிரி இருக்கும். ஆனால் வெளியிலிருந்து வேறொரு சத்தத்தை அதற்குள் திருப்பிவிட்டால் கதையே வேறு. உள்ளே போகிற சத்தம் ஏறும்போது வாத்தியம் வாயைத் திறக்கும், இறங்கும்போது மூடும். போன சத்தம் அப்படியே வெளியே வராது. அதன் இழுவையும் மூச்சும் எரிச்சலும் மட்டும் வாத்தியத்தின் தொண்டை வழியாக வரும். எதை எதற்குள் திருப்பிவிடுவது என்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. திரையில் சின்னதாக ஒரு பெட்டி, உள்ளே வருவது எது என்று கேட்கும். நாம் ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை, அதில்தான் நான் கோட்டைவிட்டேன்.

அந்த லிப்ட் பேய் வரும் தொடரின் இயக்குநருக்கு நான் வைத்திருக்கும் பெயர் இன்னுங்கொஞ்சம். எதைச் செய்து அனுப்பினாலும் அந்த ஆள் சொல்வது அதுதான். இன்னும் கொஞ்சம் பயமா, இன்னும் கொஞ்சம் ஆழமா, இன்னும் கொஞ்சம் சோகமா. இன்னும் கொஞ்சம் போனால் நானே பேயாகிவிடுவேன் என்று ஒருமுறை எழுதி, அனுப்பாமல் அழித்தேன். லிப்ட் பேய்க்கு எட்டு குரல் அனுப்பி எட்டும் திரும்பி வந்திருந்தன. ஒன்பதாவதுக்கு எங்கள் சமையலறை மேல் அலமாரியின் கதவைப் பிடித்தேன். பல வருஷமாக எண்ணெயைக் கண்ணால் பார்க்காத கீல் அது. திறந்தால் பல் கூசும். சமையலறையில் ஒரு ஸ்டாண்டில் மைக்கை நிறுத்தி, வயரை நடையோரமாக இழுத்து என் அறைவரை கொண்டுவந்து, அரை மணி நேரம் கதவைத் திறந்து மூடிப் பதிவு செய்துகொண்டேன். பதிவு முடிந்ததும் மைக்கை எடுத்திருக்க வேண்டும். சோம்பேறித்தனம், எடுக்கவில்லை. மறுநாள் அம்மா அதன் கழுத்தில் கைப்பிடித் துணியைத் தொங்கவிட்டிருந்தாள்.

அம்மாவையும் அப்பாவையும் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அப்பா டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட எதிரே யாராவது வேகமாக ஓட்டினால் வலது காலால் தரையை அழுத்துவார். அம்மா ஆஸ்பத்திரி லேபில் முப்பது வருஷம் ஊசி குத்தி ரத்தம் எடுத்தவள். கை நடுங்காது, வாய் அதைவிட நடுங்காது. இந்த இரண்டு பேரும் மூன்று வருஷமாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஓய்வு பெற்ற பிறகு அம்மாவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை வந்தது. வீட்டிலேயே வாத்தியார் இருக்கும்போது வெளியே எதற்கு என்று அப்பாவிடமே சேர்ந்தாள். நான்காம் நாள் நாற்சந்தியில், சிக்னலில், பின்சீட்டில் வேறு இரண்டு மாணவர்கள் உட்கார்ந்திருக்கும்போது, கிளட்சை விடத் தெரியாததற்கு அப்பா "இறங்கு" என்றார். அம்மா இறங்கினாள். பையை எடுத்துக்கொண்டு, காரை அங்கேயே விட்டுவிட்டு, வீடுவரை நடந்தே வந்தாள். அன்றோடு பேச்சு நின்றது.

அப்போதிலிருந்து தூது நான். உங்கப்பாகிட்ட சொல்லு, மோட்டார் போடணும். உங்கம்மாகிட்ட சொல்லு, சாயங்காலம் நேரமாகும். இதெல்லாம் லேசு. அப்பா "அந்தம்மா காதை என்ன வாடகைக்கு விட்டிருக்காளான்னு கேளு" என்பார். நான் போய் டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று கேட்கிறார் என்பேன். அம்மா "ஊருக்கெல்லாம் பிரேக் பிடிக்கிற ஆளு வாய்க்குப் பிடிக்கத் தெரியலையாக்கும்" என்பாள். நான் வந்து குறைத்துவிட்டாள் என்பேன். முள்ளை எடுத்துவிட்டுச் சதையை மட்டும் தருகிற வேலை. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது என்பதை மறைப்பானேன், நான் இல்லாவிட்டால் இந்த வீடு இரண்டாகிவிடும் என்று முழுசாக நம்பினேன்.

அந்த நம்பிக்கைக்கு அந்த வாரம் ஒரு சோதனை வந்தது. பெரிய ஊரில் ஒரு ஸ்டுடியோ கூப்பிட்டிருந்தது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குச் சத்தம் செய்யும் இடம். அரக்கன், டிராகன், தண்ணீருக்கடியில் ஊரே எரிவது என்று என் கை ஊறும் வேலை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அண்ணன் வெளிநாட்டிலிருந்து போன் செய்து, கண்ணை மூடிக்கொண்டு போ என்றான். நீ வந்து இவர்களுக்கு நடுவில் நில், நான் போகிறேன் என்றேன். அவன் பேச்சை மாற்றினான். கேட்ட எல்லோரிடமும் அதையே சொன்னேன்: வீட்டு நிலைமை அப்படி, நான் நகர முடியாது. பெருமூச்சு விட்டுத்தான் சொல்வேன். மூச்சு விடுவதில் நான் கைதேர்ந்தவள் என்றுதான் ஏற்கெனவே சொன்னேனே.

அந்தப் பெரிய ஊரில் நான் முன்பும் இருந்திருக்கிறேன். வேலையும் கல்யாணமும் ஒரே மாதத்தில் கைவிட்டுப் போய், மூன்று வருஷத்துக்கு முன் இரண்டு பெட்டியோடு இங்கே திரும்பினேன். வந்து ஐந்து வாரம் படுத்தே கிடந்தேன். அதைப் பற்றி விவரமாகச் சொல்ல ஒன்றுமில்லை. என் அறைக் கூரையில் பதினோரு விரிசல்கள் இருக்கின்றன.

சரி, பேய்க்கு வருவோம். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. அறை வாசலில் ஒரு சிவப்பு விளக்கு வைத்திருக்கிறேன். எரிந்தால் நான் ஹெட்போனை மாட்டி வேலையில் இருக்கிறேன், இடி விழுந்தாலும் எனக்குக் கேட்காது, கதவைத் தட்டாதீர்கள் என்று அர்த்தம். விளக்கைப் போட்டேன். அலமாரிக் கதவின் பதிவை ஓடவிட்டு, அதை வாத்தியத்துக்குள் திருப்பினேன். கேட்டேன். கழுத்து மயிர் எழுந்து நின்றது. அது கிறீச்சிடவில்லை, பேசியது. வார்த்தை இல்லாமல், எதற்கோ கெஞ்சுவதும் அதட்டுவதுமாக, எத்தனையோ வருஷமாக ஒரே லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு சலித்துப்போன ஒரு ஜீவன் மாதிரி பேசியது. இரண்டு நிமிஷம் பதிவு செய்து, அதில் நல்ல ஆறு வினாடியை மட்டும் வெட்டி அனுப்பினேன். நீளப் பதிவைக் குப்பையில் போட்டேன். வேண்டுமானால் திரும்பச் செய்துகொள்ளலாம், கதவு எங்கே ஓடிவிடப்போகிறது என்ற தெனாவட்டு.

இன்னுங்கொஞ்சம் முதன்முறையாக வேறு வார்த்தை சொன்னார். "இதுதாங்க" என்றார். புதன்கிழமை காலை அவரே மறுபடி அழைத்து, இதே குரலில் நாற்பது வினாடி வேண்டும், மூன்றாம் பாகத்தில் பேய் தன் கதையைச் சொல்கிறது, வியாழன் மாலைக்குள் கொடுங்கள் என்றார்.

உட்கார்ந்தேன். அலமாரிக் கதவை ஓடவிட்டு வாத்தியத்தைத் திறந்தால் கப்சிப். ஒரு முனகல்கூட இல்லை. எங்கோ இணைப்பு விட்டுப்போயிருக்கிறது என்று, பெட்டியில் அலமாரிப் பதிவின் பெயரைப் புதிதாகத் தேர்ந்தெடுத்தேன். இப்போது வாத்தியம் வாயைத் திறந்தது. எருமை கொட்டாவி விடுவது மாதிரி ஒரு சத்தம். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. வாத்தியத்தை முறுக்கினேன், தளர்த்தினேன், சமையலறைக்குப் போய்க் கதவை இன்னும் ஐம்பது தடவை திறந்து மூடினேன். என்ன கோபமோ என்று அம்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாலைவரை எருமைதான்.

பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டேன். காலையில் அந்தப் பெட்டியை மாற்றுவதற்கு முன் அதில் என்ன பெயர் இருந்தது? முந்தைய நாள் தானாகச் சேமித்த பிரதியைத் திறந்து பார்த்தேன். உள்ளே வருவது எது என்ற கேள்விக்கு நேராக மைக் என்று இருந்தது. செவ்வாய்க்கிழமை அலமாரிக் கதவு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அது வாத்தியத்துக்குள் போகவே இல்லை. போனது சமையலறையில் துணி காய்ந்துகொண்டிருந்த மைக்கில் அந்த நேரம் விழுந்த சத்தம். என் காதில் வாத்தியம் மட்டும்தான் கேட்டது, அதனால் எனக்குத் தெரியவில்லை.

அப்படியென்றால் செவ்வாய் பதினோரு மணிக்குச் சமையலறையில் என்ன சத்தம்? குக்கரா, குழாயா என்று யோசித்தபடி கைவசமிருந்த ஆறு வினாடியைத் திரும்பத் திரும்பப் போட்டேன். குழாய் இல்லை. ஒன்று நிதானமாக ஆரம்பித்து இழுத்துக்கொண்டே போகிறது. அது முடிவதற்குள் இன்னொன்று குறுக்கே வெட்டுகிறது. கொஞ்சம் இடைவெளி. முதலாவது தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறது. வார்த்தை ஒன்றும் இல்லைதான், ஆனால் பெற்றவர்களை அடையாளம் தெரியாமல் போக நான் என்ன வேற்றாளா?

தனித்தனியாகப் போனில் பேசியிருப்பார்கள் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் ஒருவர் விட்ட இடத்தில்தான் மற்றவர் பிடிக்கிறார். அப்படிப் பொருந்த வேண்டுமானால் பேச்சு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை பதினோரு மணி. அப்பா காலை வகுப்பு முடிந்து வந்திருந்தார். அம்மாவிடம் தேநீர் தர முடியுமா என்று கேட்கச் சொல்லி என்னை அனுப்பினார், நானும் போய்க் கேட்டேன். அறைக்கு வந்தேன், சிவப்பு விளக்கைப் போட்டேன், ஹெட்போனை மாட்டினேன். இந்த முறை வாத்தியத்தை அணைத்துவிட்டு மைக்கை மட்டும் நேராகக் காதுக்குத் திருப்பினேன். பதிவையும் ஓடவிட்டேன். ஒட்டுக்கேட்பது தப்பு என்பது தெரியும். மூன்று வருஷம் காலணா சம்பளம் இல்லாமல் தூது போனவளுக்கு அந்த உரிமை உண்டு என்று முடிவு செய்தேன்.

முதலில் கரண்டிச் சத்தம். பிறகு விளக்கு எரியுதா என்று அம்மாவின் குரல். எரியுது என்று அப்பா. அதற்குப் பிறகு அவர்கள் பேசியதை அப்படியே சொல்கிறேன்.

"நாளைக்குள்ள பதில் சொல்லணுமாம். மாட்டேன்னுதான் சொல்லப்போறா," என்றாள் அம்மா.

"நாம சமாதானம் ஆயிட்டோம்னு சொல்லிட்டா?"

"திடீர்னு எப்படி ஆகிறது? நீங்க மன்னிப்புக் கேட்டீங்கன்னு சொன்னா நம்புவாளா அவ?"

"நான்தான் கேட்டேனே."

"எட்டாம் நாளே கேட்டீங்க. அவளுக்குத் தெரியாதில்ல. இப்ப என்ன, அவ முன்னாடி இன்னொரு தடவை கேக்கப்போறீங்களா?"

அப்பா தொண்டையைச் செருமினார். கேட்கலாம், ஆனால் எனக்கு நடிக்க வராது என்றார். மூன்று வருஷமா வேறென்ன பண்ணிட்டிருக்கீங்க என்றாள் அம்மா. இருவரும் சிரித்தார்கள். சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் இரண்டு காதுக்குள்ளும் தெளிவாக, ஒரு இரைச்சல் இல்லாமல் விழுந்தது. நல்ல மைக் அது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே சமையலறைக்குப் போனேன். என்னைக் கண்டதும் அப்பா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினார், அம்மா அடுப்புப் பக்கம் திரும்பினாள். எத்தனை பழக்கம் பாருங்கள், கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே, தேநீரில் சர்க்கரை குறைவு என்று உங்கம்மாவிடம் சொல் என்றார்.

"போதும் நிறுத்துங்க," என்றேன். மைக்கின் கழுத்திலிருந்த துணியை எடுத்துக் காட்டினேன். "எல்லாம் கேட்டுட்டேன்."

அம்மா மைக்கைப் பார்த்தாள், அதன் வயரைப் பார்த்தாள், அது நடையோரமாக என் அறைக்குள் போவதைப் பார்த்தாள். முப்பது வருஷம் வயரும் குழாயும் பார்த்தவள், உடனே புரிந்துகொண்டாள். அப்பாவுக்கு மட்டும் கொஞ்ச நேரம் பிடித்தது.

நான் கத்தினேன். மூன்று வருஷமாக ஒருத்தியைப் பொம்மை மாதிரி அங்கும் இங்கும் ஓடவிட்டிருக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா என்றேன். உங்கள் இருவருக்கும் பொழுதுபோக்க வேறொன்றும் கிடைக்கவில்லையா என்றேன். அம்மா சொன்னதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது, அப்பா சொன்னதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று குளிக்கும்போதுகூட யோசித்தேனே என்றேன். கடைசியாக, உள்ளே கிடந்தது வெளியே வந்தது.

"நான் உங்களை விட்டுப் போயிடக்கூடாதுன்னுதானே இந்த நாடகம்? என்னைக் கட்டிப்போடத்தானே?"

அப்பா வாயைத் திறந்தார். அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். அடுப்பை அணைத்தாள்.

"நீ வந்து அஞ்சு வாரம் எந்திரிக்கலடி," என்றாள். "சாப்பாடு கொண்டாந்து வச்சா அப்படியே இருக்கும். பேசினா செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுப்பே. டாக்டரம்மா வந்து பாத்தாங்க, அண்ணன் போன் பண்ணான், எதுக்கும் அசையல. நாங்க ரெண்டு பேரும் நிஜமாவே சண்டை போட்டோம் பாரு, அன்னைக்கி நீயா எந்திரிச்சு வந்தே. என்ன ஆச்சுன்னு கேட்டே. அவர்கிட்டப் போனே, எங்கிட்ட வந்தே. மறுநாள் குளிச்சே."

அப்பா ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினார். "எட்டாம் நாள் நாங்க சரியாயிட்டோம்மா. உன்கிட்ட சொல்லலாம்னுதான் வந்தோம். நீ தலையைத் துடைச்சுக்கிட்டு, இன்னைக்கி அம்மாவுக்கு என்ன சொல்லணும்னு கேட்டே. எனக்குச் சொல்ல வாய் வரல. நிறுத்தினா மறுபடி போய்ப் படுத்துருவியோன்னு பயமா இருந்துச்சு."

அடுத்த மாசம் சொல்லலாம், அடுத்த மாசம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார்களாம். நான் மைக் வாங்கினேன், வேலை பிடித்தேன், வாசலில் விளக்கு மாட்டினேன். விளக்கு எரியும் நேரமெல்லாம் அவர்கள் பேசிக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை அவர்கள் பேசியதும் இதைத்தான். எப்படி நிறுத்துவது, நிறுத்தினால் இவள் தாங்குவாளா, நிறுத்தாவிட்டால் இந்த நல்ல வேலையை விட்டுவிடுவாளே என்று.

நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். மூக்கு ஒழுக, அசிங்கமாக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். பதிவு ஓடிக்கொண்டிருந்தது எனக்கு நினைவில் இல்லை. பிறகு அதிலிருந்துதான் நாற்பது வினாடியை எடுத்து வாத்தியத்துக்குள் திருப்பினேன். மூன்றாம் பாகத்தில் லிப்ட் பேய் கதை சொல்லும் இடத்தில் உங்களுக்கு வயிற்றைப் பிசைந்தால், அது பேய் இல்லை, நான். தொழிலில் எதையும் வீணடிக்கக்கூடாது.

அழுது ஓய்ந்ததும் ஆத்திரம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கட்டிப்போட்டவர்கள் யாரும் இல்லை. இந்த வீடு நான் இல்லாமலே மூன்று வருஷமாக நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் ஊரெல்லாம் பெருமூச்சோடு நான் சொல்லிக்கொண்டிருந்த காரணம் என்ன ஆவது? அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் அடியில் ஒன்றுதான் இருந்தது, அதை என்னிடமே நான் சொன்னதில்லை.

"எனக்குப் பயமா இருக்கும்மா," என்றேன். "அதே ஊரு. அங்க போயி மறுபடியும் படுத்துட்டா?"

அம்மா அடுப்பை விட்டு வந்தாள். என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். முட்டி வலி உள்ளவள், உட்கார நேரமாயிற்று. அப்பா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். என் கண் முன்னால் அவர் அவளைத் தொட்டு நான் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"படுத்துட்டா படு," என்றாள் அம்மா. "ரெண்டு நாள் படு. மூணாம் நாள் நாங்க ரெண்டு பேரும் கிளம்பி வந்து, உன் வீட்டு நடுக்கூடத்துலயே சண்டை போடுறோம்."

அப்பா நான்தான் கார் ஓட்டுவேன் என்றார். நான் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு, பகல் பன்னிரண்டுக்குள் அந்த ஸ்டுடியோவுக்குப் போன் செய்து, வேலைக்கு வருவதாகச் சொன்னேன்.